சொல்லாலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்: கொரியப் பண்டிகைகளும் குடும்ப விசேஷங்களும்

கேள்வி இதுதான். சியோலில் மேற்படிப்பு படிக்கும் தம்பியை, அவனோடு ஆய்வகத்தில் இருக்கும் கொரிய நண்பர் சந்திரப் புத்தாண்டான சொல்லாலுக்குத் தன் பாட்டி ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே என்ன நடக்கும், இவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கையில் என்ன கொண்டுபோகலாம், அவர்களுக்கு வேறு என்னென்ன பண்டிகைகளும் வீட்டு விசேஷங்களும் உண்டு என்று அக்கா கேட்டிருக்கிறார்.

நான் கொரியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். உடன் வேலை பார்த்த ஒருவர் தயவில், ஜொன்ஜு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய வீட்டுப் பண்டிகைகளில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: தம்பி கட்டாயம் போகட்டும். வெளியே சாப்பிட அழைத்துப் போவதைக் கொரியர்கள் எல்லோருக்கும் செய்வார்கள். சொல்லாலுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவது அப்படியல்ல. அன்றைக்கு அந்த வீட்டில் உறவுக்காரர்களைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை.

போவதற்கு முன் அவன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். கொரியர்களின் பெரிய பண்டிகைகளில் முதல் பந்தி இறந்தவர்களுக்கு. தாத்தா, பாட்டி, அவர்களுடைய அப்பா அம்மா என்று மேலே போகிற வரிசைக்குப் படைத்து, கும்பிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடித்ததாகக் கொண்டு, அப்புறம்தான் உயிரோடிருப்பவர்கள் சாப்பிடுவார்கள். வணக்கம், சாப்பாடு, பரிசு, ஊருக்குப் போகும் அந்த அலைச்சல் எல்லாமே இந்தப் படையலைச் சுற்றித்தான் இருக்கின்றன.

சரி, பண்டிகையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் சொல்லால்; நம் காதுக்குத் தமிழ்ச் சொல் போலவே விழும். சந்திர நாட்காட்டியில் முதல் மாதத்து முதல் நாள். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். 2026ல் பிப்ரவரி 17. பெரும்பாலும் சீனப் புத்தாண்டும் அதே நாள்தான். ஆனால் கொரிய நேரம் சீன நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அமாவாசை நள்ளிரவை ஒட்டி விழுந்துவிட்டால் கொரியாவில் ஒரு நாள் தள்ளிப்போகும். 2027 அப்படிப்பட்ட ஆண்டு: சீனாவில் பிப்ரவரி 6, கொரியாவில் 7. 'சைனீஸ் நியூ இயர்' என்று மட்டும் தம்பி வாய் தவறியும் சொல்ல வேண்டாம். யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் முகம் மாறும்.

அந்த முகமாற்றத்துக்குக் காரணம் உண்டு. இந்தப் பண்டிகையை அவர்கள் ஒருமுறை இழந்து திரும்ப வாங்கியிருக்கிறார்கள். 1896 ஜனவரி 1 முதல் கொரிய அரசு சூரிய நாட்காட்டிக்கு மாறியது. பிறகு வந்த ஜப்பானிய ஆட்சி ஜனவரி முதல் தேதியையே புத்தாண்டு என்று திணித்து, பழைய புத்தாண்டை ஒடுக்கியது. விடுதலைக்குப் பின் வந்த சொந்த அரசுகளும் 'இரண்டு புத்தாண்டு வீண் செலவு' என்று ஜனவரி 1ஐத்தான் தூக்கிப் பிடித்தன. மக்கள் கேட்கவில்லை, வீட்டுக்குள் பழைய நாளிலேயே படைத்துக்கொண்டிருந்தார்கள். 1985ல் 'நாட்டுப்புற நாள்' என்று ஒட்டாத பெயர் ஒன்றை வைத்து ஒரு நாள் விடுமுறை கொடுத்தார்கள். 1989ல்தான் சொல்லால் என்ற பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பி வந்தன. பாட்டி அந்தக் காலத்தைப் பார்த்தவராகத்தான் இருப்பார். தம்பி கேட்டால் சொல்வார்.

பயணம் ஒரு தனி அனுபவம். சியோலிலிருந்து பூசான் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மற்ற நாளில் காரில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். பண்டிகைக்கு முந்தின நாள் எட்டு ஒன்பது மணி நேரம் ஆவது சாதாரணம். ரயில் டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தனியாகத் திறந்து விற்று, திறந்தவுடனே தீர்ந்துவிடும். 2017 சுசோக் (அவர்களுடைய இன்னொரு பெரிய பண்டிகை, பின்னால் சொல்கிறேன்) முதல் பண்டிகை நாட்களில் விரைவுச்சாலைக் கட்டணத்தை அரசே தள்ளுபடி செய்கிறது. கொரோனாக் காலத்தில் மட்டும் நிறுத்தி வைத்தார்கள். தம்பி டிக்கெட் விஷயத்தை நண்பரிடமே விட்டுவிடட்டும்.

முந்தின நாள் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. சமைக்கிற காட்சி அப்போதுதான் கிடைக்கும். நான் போன வீட்டில் கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் அகலமான மின்சாரக் கல்லை வைத்து, மூன்று பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வில்லையாக நறுக்கிய பொல்லாக் மீனையும் காயையும் மாவில் புரட்டுவார், அடுத்தவர் அடித்த முட்டையில் தோய்ப்பார், மூன்றாமவர் கல்லில் போட்டுத் திருப்புவார். இதற்கு ஜொன் என்று பெயர். வெந்ததை மூங்கில் தட்டில் காகிதம் விரித்து ஆற வைப்பார்கள். எண்ணெய் வாசனை சுவர்வரை ஏறிவிடும். இன்னொரு பக்கம் மூன்று நிறத்தில் நாமுல் என்கிற காய்கறிப் பதார்த்தம் தயாராகும்: வெள்ளைக்குத் தோராஜி வேர், பழுப்புக்குக் கோசாரி என்கிற பெரணித் தளிர், பச்சைக்குக் கீரை. மூன்றும் நல்லெண்ணெயில். நம் வீட்டு வாசனை அந்த இடத்தில்தான் எனக்கு வந்தது.

ஆண்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பச்சை செஸ்ட்நட் கொட்டைகளைத் தோலுரித்து, மேலும் கீழும் தட்டையாகவும் பக்கங்கள் பட்டை பட்டையாகவும் வருமாறு சிறு கத்தியால் செதுக்குவார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு கொட்டைக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். பார்க்க அழகுதான். ஆனால் அவர் பத்துக் கொட்டை செதுக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் ஒரு குடும்பத்தின் மூன்று நாள் சாப்பாட்டைச் சமைத்து முடித்திருந்தார்கள். அதுவும் யாருக்காக? கணவன் வீட்டு முன்னோருக்காக. பண்டிகை முடிந்து முதுகுவலியும் மனக்கசப்புமாகப் படுக்கிற மருமகள்களின் நிலைக்குக் கொரிய மொழியில் 'பண்டிகை நோய்' என்று ஒரு பெயரே இருக்கிறது.

இதில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி ஒன்று 2022ல் நடந்தது. கொரியாவில் கன்பூசிய முறைகளுக்கு அதிகாரம் சொல்லத் தகுந்த நிறுவனம் சொங்க்யுன்க்வான். அந்த ஆண்டு செப்டம்பரில், சுசோக்குக்கு முன், அவர்களே எளிமையான படையல் மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். அரிசிக் கொழுக்கட்டை, நாமுல், சுட்ட இறைச்சி, கிம்ச்சி, பழம், மது ஆகிய ஆறு போதும். வேண்டுமானால் ஒன்பதுவரை போகலாம். எண்ணெயில் பொரித்த ஜொன் வேண்டியதே இல்லை. பொரித்ததைப் படைப்பது முறையல்ல என்று பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் கிம் ஜாங்செங் எழுதியிருப்பதையும் எடுத்துக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கல்லின் முன் உட்கார்ந்து பொரித்தது எந்த விதியிலும் இல்லை என்று, விதியைக் காப்பவர்களே சொல்லிவிட்டார்கள். இன்று பல வீடுகளில் ஜொன்னைக் கடையில் வாங்குகிறார்கள். படையலையே விட்டுவிட்டுக் குடும்பமாகச் சுற்றுலா போகிறவர்களும் நிறைய. தம்பி போகிற வீடு எப்படியோ தெரியாது. பாட்டி ஊர் என்பதால் பழைய முறை இருக்கலாம். எதுவானாலும் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முட்டையில் தோய்க்கிற இடத்தில் உட்காரட்டும். என்னை முதலில் விரட்டினார்கள். இரண்டாம் ஆண்டு எனக்கென்று ஒரு கிண்ணம் தனியாக வைத்திருந்தார்கள்.

சொல்லால் காலையில் நடப்பதுதான் சாரே. பண்டிகைக் காலைப் படையலுக்குப் பெயர் அது. முன்னோர் இறந்த திதியில் இரவு நடப்பது ஜேசா; நம் தெவசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நான்கு தலைமுறைவரை படைப்பது பழைய முறை. இப்போது இரண்டோடு நிறுத்துகிறவர்களே அதிகம். திரைச்சீலை போல மடிக்கிற தட்டியை வடக்குப் பக்கமாக வைத்து, அதன்முன் உயரமான மேசை. மேசையில் ஐந்து வரிசை: முன்னோருக்கு மிக அருகில் சூப்புக் கிண்ணங்களும் மதுக் கோப்பைகளும், பிறகு ஜொன்னும் சுட்ட இறைச்சியும் மீனும், பிறகு குழம்பு வகை, பிறகு நாமுலும் கருவாடும், நமக்கு அருகில் பழங்கள். ஆப்பிள், பேரிக்காய்களின் தலையை மட்டும் சீவி வைப்பார்கள். முன்னோர் சாப்பிட வசதியாக. சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளை மேற்கே. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. பீச் பழம் வைக்கக் கூடாது, அது ஆவிகளை விரட்டும். மிளகாய்த்தூள், பூண்டு கூடாது. 'சி' என்று முடிகிற பெயருள்ள மீன்களும் கூடாது.

ஆனால் இந்தத் திசைக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். பெரிய விதிநூல்களில் பழத்தின் நிறத்துக்குத் திசை கிடையாது என்று சொங்க்யுன்க்வானே சொல்லியிருக்கிறது. கொரியர்களிடம் இதற்கொரு பழமொழி இருக்கிறது: அடுத்த வீட்டு ஜேசாவில் 'பெர்சிமனை இங்கே வை, பேரிக்காயை அங்கே வை' என்கிறான். ஊர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பவனைத்தான் இப்படிச் சொல்வார்கள்.

மேசை நடுவில் வெள்ளைக் காகிதத்தில் சீன எழுத்தில் முன்னோரின் பெயர்த்தகடு இருக்கும். அரசுப் பதவி வகிக்காமல் இறந்த ஆணை அதில் 'மாணவர்' என்று குறிப்பிடுவார்கள். அந்த வீட்டுத் தாத்தா வாழ்நாளெல்லாம் நெல் விதைத்தவர்; காகிதத்தில் மாணவர். அவருடைய மகன் எனக்கு அதைப் படித்துக் காட்டியபோது, 'அப்பா இன்னும் படிக்கிறார்' என்றார். ஊதுபத்தி ஏற்றி, மது ஊற்றி, கோப்பையைப் புகைமேல் சுற்றிக் காட்டி மேலே வைத்து, எல்லோரும் இரண்டுமுறை தரையில் விழுந்து வணங்குவார்கள். கிண்ணத்தில் கரண்டி வைத்து, கறிமேல் சாப்ஸ்டிக் வைத்துச் சற்று நேரம் அசையாமல் நிற்பார்கள். அவர்கள் சாப்பிடுகிற நேரம் அது. குழந்தைகள்கூட அப்போது வாய் திறக்காததைப் பார்த்திருக்கிறேன். முடிவில் மறுபடி வணங்கி, பெயர்க் காகிதத்தை வாசலில் எரிப்பார்கள். ஜேசாச் சோற்றில் கரண்டியைச் செங்குத்தாக நடுவதால்தான் சாதாரணச் சாப்பாட்டில் சோற்றில் கரண்டியையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி நிறுத்தக் கூடாது என்கிறார்கள். இதைத் தம்பி எந்த நாளும் மறக்கக் கூடாது.

விருந்தினன் வணங்க வேண்டுமா? கட்டாயமில்லை. பின்னால் அமைதியாக நின்றால் போதும்; வணங்கச் சொன்னால், மனம் ஒப்பினால் வணங்கலாம். அது புராட்டஸ்டன்ட் வீடாக இருந்தால் படையலே இருக்காது, ஜெபமும் பாட்டுமாக நினைவு வழிபாடு நடக்கும். கத்தோலிக்க வீட்டில் படையலும் இருக்கலாம். இந்தச் சடங்கு எவ்வளவு கனமானது என்பதற்கு 1791 சாட்சி. யுன் ஜிசுங் என்ற கத்தோலிக்கர், தாய் இறந்தபோது ஜேசா செய்ய மறுத்து முன்னோர் பெயர்த்தகடுகளை எரித்தார். அரசு அவருக்கு மரண தண்டனை கொடுத்தது. ஜொன்ஜுவில் தலை வெட்டப்பட்டது. கத்தோலிக்கர்கள் முன்னோர் வழிபாட்டில் கலந்துகொள்ள ரோம் 1939ல் அனுமதித்தது. 2014ல் போப் பிரான்சிஸ் சியோலுக்கு வந்து அருளாளர் பட்டம் வழங்கிய 124 பேரில் யுன் ஜிசுங் முதன்மையானவர்.

படைத்ததை இறக்கிச் சாப்பிடுவது உம்போக். 'அருளைக் குடிப்பது' என்று பொருள். சொல்லால் அன்று சோற்றுக்குப் பதில் தொக்குக். அரிசி மாவை ஆவியில் வேகவைத்துப் பிசைந்து, கயிறு போலப் பிழிந்து, காய்ந்ததும் சாய்வாக நறுக்கி, சூப்பில் கொதிக்கவிடுவார்கள். பண்டிகைக்கு முன் ஊர் மில்லில் வரிசை நிற்கும். இயந்திர வாயிலிருந்து வெள்ளைக் கயிறு ஆவி பறக்க நீளமாக வந்து தண்ணீர்த் தொட்டியில் விழும். ஒரு துண்டு பிய்த்துக் கையில் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள், அந்தச் சூடு அடுத்த நாள் கிடைக்காது. வெள்ளை நிறம் புதுத் தொடக்கத்துக்கு, வட்டம் காசுக்கு என்பார்கள். வடக்கத்திக் குடும்பங்கள் இதில் மாண்டு என்கிற பூரணக் கொழுக்கட்டையும் போடுவார்கள்.

தொக்குக் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது கூடும். வயது கேட்க 'எத்தனை கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாய்' என்று கேட்பதும் உண்டு. பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று என்ற பழைய கணக்கை 2023 ஜூன் 28 முதல் சட்டம் மாற்றி, பிறந்தநாள் கணக்கையே பொதுவாக்கிவிட்டது. பாட்டி பழைய கணக்கில்தான் கேட்பார். இன்னொன்று: சூப்பு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் வைத்தது. தம்பி சாப்பிடமாட்டான் என்றால் ஒரு வாரம் முன்பே நண்பரிடம் சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் பாட்டி தவித்துப்போவார்.

சாப்பிட்டபின் செபே. பெரியவர்கள் வரிசையாக உட்காருவார்கள். இளையவர்கள் தரையில் விழுந்து வணங்குவார்கள். ஆண்கள் இடது கை மேலே இருக்குமாறு கைகளைச் சேர்க்க வேண்டும், பெண்கள் வலது கை. இதை மாற்றினால் சாவு வீட்டு வணக்கம் ஆகிவிடும், ஆகவே தம்பி முந்தின நாளே பழகிக்கொள்ளட்டும். கைகளைத் தரையில் ஊன்றி, இடது முழங்காலை முதலில் மடக்கி, வலதையும் மடக்கி, நெற்றி கையருகே வரக் குனிய வேண்டும். எழும்போது வலது காலை முதலில். ஒரே ஒருமுறைதான். இரண்டுமுறை இறந்தவர்களுக்கு. 'செஹே போக் மானி பாதுசேயோ' என்றால் புத்தாண்டில் நிறைய அருள் பெறுங்கள் என்று அர்த்தம். பெரியவர் நல்வாக்குச் சொல்லி, புதுநோட்டாகப் பணம் கொடுப்பார். தம்பிக்கும் கொடுக்கலாம். மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே பிரித்துப் பார்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் யுன்னோரி. நான்கு குச்சிகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தூக்கிப் போட்டால் எத்தனை தட்டை மேலே என்று பார்த்து ஒன்று முதல் நான்கு வரை நகர்த்தல். நான்கும் கவிழ்ந்தால் ஐந்து. அவற்றுக்குப் பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரை என்று பெயர். நான்கோ ஐந்தோ விழுந்தால் இன்னொரு ஆட்டம், எதிராளி காயை வெட்டினாலும் இன்னொரு ஆட்டம். தாயம் விளையாடிய கை என்றால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். அங்கே பாட்டிகள் போடுகிற கூச்சலில் காலையில் அசையாமல் நின்ற அதே வீடா என்று தோன்றும்.

இன்னொரு பெரிய பண்டிகை சுசோக். எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமி. 2026ல் செப்டம்பர் 25. தூய கொரியச் சொல்லில் ஹான்காவி. 1145ல் தொகுத்த 'சம்குக் சாகி' வரலாற்று நூல் இதன் பழைய கதையைச் சொல்கிறது. சில்லா நாட்டு யூரி அரசர் தலைநகரின் பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இளவரசியைத் தலைவியாக்கி, ஒரு மாதம் நெசவுப் போட்டி வைத்தாராம். எட்டாம் மாதப் பௌர்ணமியன்று கணக்குப் பார்த்து, தோற்ற அணி விருந்து வைக்கும். ஆட்டமும் பாட்டும் நடக்கும். 'கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், ஹான்காவி போல் இருந்தால் போதும்' என்பது இன்றுவரை வழங்கும் வாக்கு. நெல்லும் பழமும் நிறைந்து, வெயிலும் குளிரும் இல்லாத அந்தக் கிராமத்து நாளைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

சுசோக் படையலில் தொக்குக்கின் இடத்தில் சோங்ப்யொன் இருக்கும். புது அரிசி மாவில் எள், பயறு, செஸ்ட்நட் பூரணம் வைத்து அரைநிலா வடிவில் மடித்து, பைன் இலைமேல் அடுக்கி ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை அது. இலையின் மணம் மாவில் ஏறிவிடும். அழகாகப் பிடித்தால் அழகான மகள் பிறப்பாள் என்பார்கள். தென்மேற்குக் கடற்கரை ஊர்களில் பெண்கள் நிலவில் கைகோத்து வட்டமாக ஆடும் காங்காங்சுல்லேயை யுனெஸ்கோ 2009ல் தன் பட்டியலில் சேர்த்தது.

எனக்குச் சுசோக்கில் மனத்தில் நிற்பது கல்லறைதான். கொரியக் கல்லறை மலைச்சரிவில் புல் மூடிய உருண்டை மேடு. கோடையில் புல்லும் முள்ளும் வளர்ந்து மூடிவிடும். சுசோக்குக்கு முந்தின வாரங்களில் குடும்பத்து ஆண்கள் புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். இதற்குப் பொல்ச்சோ என்று பெயர். குளவிக் கூட்டைக் கிளறிக் கொட்டு வாங்குவது ஆண்டுதோறும் செய்தியில் வரும். நான் ஒருமுறை போனேன். வெட்டிய புல்லை வாரிக்கொண்டிருந்த என் நண்பர், மேட்டைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, குழந்தைக்கு முடிவெட்டி முடித்தவர்போல் நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். பிறகு பண்டிகையன்று குடும்பத்தோடு வந்து மதுவும் பழமும் வைத்து வணங்குவார்கள். பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பொறுப்பில் இடம் உண்டு என்பதை, 2023 மே மாதம் கொரிய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது: குடும்பத்தார் ஒத்துப்போகாவிட்டால், ஆணா பெண்ணா என்று பாராமல், நெருங்கிய வாரிசுகளில் மூத்தவரே சடங்கை நடத்தும் உரிமையுள்ளவர்.

கல்லறைக்கே போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். கொரியப் போரில் வடக்கிலிருந்து வந்து, எல்லை மூடியதும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். எல்லையை ஒட்டிய பாஜுவில், இம்ஜின்காக் என்ற இடத்தில், அவர்களுக்காக 1985ல் மங்பேதான் என்ற பலிபீடம் எழுப்பினார்கள். சொல்லாலுக்கும் சுசோக்குக்கும் முதியவர்கள் அங்கே வந்து, பழமும் மீனும் பரப்பி, வடக்கு நோக்கி விழுந்து கும்பிடுவார்கள். பண்டிகை என்ற சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது.

சின்னப் பண்டிகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டின் முதல் பௌர்ணமியில் ஐந்து தானியச் சோறும், பல்லால் கடித்து உடைக்கிற கொட்டைகளும். அன்று விடியுமுன் ஒருவர் பெயரைக் கூப்பிட்டு, அவர் 'ஆம்' என்றால் 'என் வெக்கையை வாங்கிக்கொள்' என்று தள்ளிவிட வேண்டும், கோடை முழுதும் வெக்கை அவருக்கு. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் தானோ. காங்னுங் ஊரில் நடக்கும் தானோ விழா யுனெஸ்கோ பட்டியலில் 2005ல் சேர்ந்தது. டிசம்பரில் மிக நீண்ட இரவான தோங்ஜியில் சிவப்புப் பயற்றுக் கஞ்சி. சிவப்பு தீயதை விரட்டும் என்று வாசலிலும் தெளிப்பார்கள்.

குடும்ப விசேஷங்களில் குழந்தைதான் முதல். பிரசவமான தாய்க்குக் கடற்பாசிச் சூப்பு, மியொக்குக். அதனாலேயே ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதுவே காலை உணவு; தன்னைப் பெற்றவள் அன்று சாப்பிட்டதைப் பிள்ளை சாப்பிடுகிறது. பரீட்சை நாளில் மட்டும் தொடமாட்டார்கள், வழுக்கிவிடும். நூறாம் நாள் பேகில். வெள்ளை அரிசிக் கேக்கை நூறு வீட்டுக்குக் கொடுத்தால் நீண்ட ஆயுள் என்பது பழைய வழக்கம். வாங்கியவர்கள் தட்டை வெறுமனே திருப்பாமல் நூலோ அரிசியோ வைத்துத் தருவார்கள். முதல் பிறந்தநாள் தோல். ஹன்போக் என்கிற மரபுப் பட்டு உடை உடுத்திய குழந்தையின் முன் நூல், தூரிகை, பணம், புத்தகம், அரிசி என்று பரப்பி, எதை எடுக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நூல் என்றால் ஆயுள், தூரிகை என்றால் படிப்பு. இப்போது ஸ்டெதாஸ்கோப், மைக், நீதிபதியின் சுத்தியல் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. உறவினர் ஒரு தோன் எடையில் தங்க மோதிரம் கொடுப்பார்கள், அதாவது 3.75 கிராம்.

முதுமையில் ஹ்வான்காப், அறுபது நிறைவு. கிழக்காசிய ஆண்டுச் சக்கரம் அறுபது ஆண்டுகளில் சுற்றி, பிறந்த ஆண்டின் பெயருக்கே திரும்பும். பிரபவ முதல் அட்சய வரை எண்ணி அறுபதாம் கல்யாணம் செய்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பழமும் பலகாரமும் கோபுரமாக அடுக்கிய மேசையின் பின்னால் பெற்றோரை உட்காரவைத்து, பிள்ளைகள் வயது வரிசையில் மது ஊற்றி வணங்குவார்கள். இன்று அறுபது வயதில் எல்லோரும் திடமாக இருப்பதால் கொண்டாட்டம் எழுபதுக்குத் தள்ளிப்போய்விட்டது. கல்யாணத்தில் நான் ரசிப்பது ப்யேபேக் என்ற பகுதி. மணமக்கள் வணங்கியதும் மாப்பிள்ளையின் பெற்றோர் இலந்தையும் செஸ்ட்நட்டும் அள்ளி வீசுவார்கள். மணப்பெண் மடித்துணியில் பிடிக்க வேண்டும். எத்தனை விழுந்ததோ அத்தனை பிள்ளைகள் என்று கேலி நடக்கும்.

கடைசியாக, கையில் என்ன கொண்டுபோவது? ஒரு பெட்டி பேரிக்காய் அல்லது ஆப்பிள் போதும்; படையலுக்கே ஆகும் என்பதால் பாட்டிக்குச் சந்தோஷம். கடைகளில் ஸ்பாம் டின் இறைச்சியும் சமையல் எண்ணெயும் அழகாகப் பெட்டியில் அடுக்கி விற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அங்கே அது மரியாதையான பரிசு. நம் ஊர் முந்திரியோ தேயிலையோ இருந்தால் இன்னும் நல்லது. எதையும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும். பாட்டி கரண்டியை எடுத்தபின் சாப்பிடத் தொடங்க வேண்டும். பெரியவர் மது ஊற்றினால் இரண்டு கையால் வாங்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குடிப்பது வழக்கம். குடிக்காதவன் என்றால் வாங்கி உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாலும் போதும். சட்டையில் ஒன்றுமில்லை, கிழியாத நல்ல காலுறை மட்டும் முக்கியம். நாளெல்லாம் அதோடுதான் உட்கார வேண்டும்.

பையைப் பாதி காலியாகவே எடுத்துப்போகச் சொல்லுங்கள். கிளம்பும்போது பாட்டி ஆறிப்போன ஜொன்னையும், தொக்குக்குக்கு நறுக்கிய காய்ந்த அரிசித் துண்டுகளையும், சொந்த எள்ளில் ஆட்டி காலி சோஜு மது பாட்டிலில் ஊற்றிய நல்லெண்ணெயையும் கட்டிக் கொடுப்பார். 'வேண்டாம் பாட்டி' என்று ஒருமுறை சொல்லலாம். அவர் அதைக் கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டுவிடுவார்.